நீளக் கைக்காரனை நெருங்க மூன்று வழிகள்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் குத்துச்சண்டை பழகும் குட்டையான பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும்: ‘அவன் கை என் முகத்தைத் தொடுது, என் கை அவன் மார்பைக்கூட எட்டல. என்ன செய்யறது?’ எடைப் பிரிவு இதைத் தீர்க்காது. ஒரே எடையில் ஒருவன் ஒல்லியாக உயர்ந்திருப்பான், இன்னொருவன் கட்டையாகத் திரண்டிருப்பான்.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகக் குத்துச்சண்டை வளர்ந்த மண் இது. இங்கே ஒவ்வொரு வாத்தியாரும் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். அவற்றை மூன்று வழிகளாகப் பிரிக்கலாம். கையின் நீளத்தை யாராலும் மாற்ற முடியாது. இருவருக்கும் நடுவிலுள்ள தூரத்தை மாற்றலாம். மூன்று வழிகளும் அதைத்தான் செய்கின்றன.

முதல் வழி: உள்ளே புகுவது

நீண்ட கை முழுதாக நீளும்போதுதான் அதற்கு வலு. மார்புக்கு மார்பு நெருங்கிவிட்டால் அது மடங்கி வேலை செய்ய இடமில்லாமல் திணறும். குட்டைக் கையின் ஹூக் (வளைத்து வீசும் குத்து) அங்கேதான் பேசும். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் ஜோ பிரேசியர் இதைத்தான் செய்தார். எதிரே நின்ற முகமது அலியின் கைவீச்சு சுமார் 198 செ.மீ., பிரேசியருடையது சுமார் 185 செ.மீ. தலையை ஆட்டியபடி முன்னேறிக்கொண்டே இருந்தவர், 15ஆவது ரவுண்டில் இடது ஹூக்கால் அலியைக் கீழே சாய்த்தார். தீர்ப்பும் அவருக்கே.

ஆனால் 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் அதே பிரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் ஆறு முறை வீழ்த்தினார். உள்ளே வருபவரைத் தள்ளி நிறுத்தி அடிக்கத் தெரிந்தவரிடம் இந்த வழி ஆபத்து. இன்னொன்றும் உண்டு: நெருங்கி நின்று விலாவில் கொடுக்கும் அடி மெதுவாகத்தான் பலன் தரும். பிரேசியருக்கு 15 ரவுண்டு இருந்தது. அமெச்சூர் போட்டியில் உங்களுக்கு மூன்று நிமிட ரவுண்டுகள் மூன்றுதான். எதிராளி தளரும்வரை காத்திருக்க முடியாது. முதல் மணியிலேயே புகவேண்டும். குனியும்போது தலை எதிராளியின் இடுப்புக்குக் கீழே போனால் ஃபவுல். முழங்காலை மடக்கி இறங்கப் பழகுங்கள். இடுப்பை வளைத்து இறங்காதீர்கள்.

இரண்டாம் வழி: அவன் அடிக்கும்போது திருப்பி அடிப்பது

எதிராளி ஜாப் (முன்கையால் வீசும் நேர்க்குத்து) வீசிய கை திரும்பி வரும் நொடியில் அவன் முகம் திறந்திருக்கும். 1936இல் மாக்ஸ் ஷ்மெலிங், ஜோ லூயிஸ் ஜாப் வீசியபின் இடது கையைத் தாழ்த்துவதைக் கவனித்துவைத்து, அதற்கு மேலாக வலது கையை இறக்கிக்கொண்டே இருந்தார். 12ஆவது ரவுண்டில் லூயிஸ் நாக்-அவுட். இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். ஆனாலும் குட்டையானவருக்கும் இதுவே சூத்திரம். எட்டிப் போய் அடிக்கும் வேலையை எதிராளியே நமக்காகச் செய்கிறான்.

இதன் விலை பொறுமை. அமெச்சூரில் சும்மா நிற்பவருக்கு நடுவர்கள் ரவுண்டைத் தருவதில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அடி வாங்கிக்கொண்டே இருப்பதும் அங்கே தவறு. 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனைக் களைக்க வைத்த அலியின் உத்தியை மூன்று ரவுண்டு போட்டியில் பின்பற்றினால் எச்சரிக்கைதான் மிஞ்சும்.

மூன்றாம் வழி: காலால் வெல்வது

நுழை, இரண்டு மூன்று குத்து, பக்கவாட்டில் விலகு. 2008 டிசம்பரில் மானி பாக்கியாவ், தன்னைவிட ஏறத்தாழ 15 செ.மீ. கைவீச்சு கூடிய ஆஸ்கார் டி லா ஹோயாவை இப்படித்தான் ஓட ஓட அடித்தார். எட்டாவது ரவுண்டுக்குப் பின் டி லா ஹோயா எழுந்து வரவில்லை. பாக்கியாவ் இடக்கைக்காரர். நீங்களும் அப்படியென்றால், உங்கள் முன்காலை வலக்கைக்கார எதிராளியின் முன்காலுக்கு வெளியே வையுங்கள். உங்கள் இடது கைக்கு நேர்வழி திறக்கும்.

பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் 2021இல் வந்தபின் அதில் வரும் டான்ஸிங் ரோஸ் போல ஆட ஆசைப்படும் பிள்ளைகள் பலர். ஆசை நல்லது. ஆனால் மூன்றாவது ரவுண்டில் கால் கனத்தால், நுழைந்தவர் நுழைந்த இடத்திலேயே நிற்பார்; நீளக் கைக்கு அதைவிட நல்ல குறி வேறில்லை. வந்த வழியிலேயே நேராகப் பின்வாங்குவதும் அதே ஆபத்துதான்.

எது யாருக்கு?

கழுத்தும் தோளும் உறுதி, மூச்சு தாங்கும், அடிக்கு அஞ்சாத மனம் என்றால் முதல் வழி. கண் கூர்மை, கை வேகம், பதற்றமில்லாத குணம் என்றால் இரண்டாவது. மூன்று ரவுண்டும் ஸ்கிப்பிங் கயிறு போலக் கால் துள்ளும் என்றால் மூன்றாவது. எதிராளியையும் பாருங்கள். நெருங்கினால் கட்டிப்பிடிப்பவனா? கால் வழி. ஜாபுக்குப் பின் கையைத் தொங்கவிடுபவனா? திருப்பி அடிக்கும் வழி. பின்வாங்கியே ஆடுபவனா? புகுந்து கயிறுவரை தள்ளும் வழி.

சந்தேகம் இருந்தால், உங்களைவிட உயரமான ஒருவருடன் ஸ்பாரிங்கில் வழிக்கு ஒரு ரவுண்டாக ஆடுங்கள். நீங்கள் கொடுத்த சுத்தமான அடி எத்தனை, வாங்கியது எத்தனை என்று வெளியே ஒருவர் எண்ணட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் எதில் உங்களுக்குச் சாதகமாக அதிகமோ, அதை முதன்மையாக எடுங்கள். இன்னொன்றையும் துணைக்குப் பழகுங்கள். நல்ல எதிராளி முதல் ரவுண்டிலேயே உங்கள் வழியைப் படித்துவிடுவான்.