மோட்டார் வண்டியின் நோயறிதல்

காலாப்பட்டுக் கடற்கரைச் சாலையில் பழைய அம்பாசடர் வண்டியொன்று நிற்கையில் நடுங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் விரையாது தயங்குமாயின், புதிய உறுப்புக்கள் வாங்க விரையற்க. காரணத்தை முறையே ஆராய்க.

உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பெற்ற இவ்வண்டியின் பழைய பெட்ரோல் இயந்திரத்திற்குச் சிலிண்டர்கள் நான்கு. இயந்திரத்தை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் முனையை இயந்திர இரும்பிற் படவைத்து, மீண்டும் இயக்குக. இவ்வாறே நான்கினையும் சோதிக்க. எதனைக் கழற்றியும் நடுக்கம் மிகவில்லையோ, அதுவே உழையாத சிலிண்டர். அதன் பிளக்கை அயற்சிலிண்டரிற் பொருத்துக; குறையும் உடன் சென்றால் பிளக்கே காரணம். செல்லாதாயின் கம்பியையும் வால்வையும் நோக்குக. கடலோர ஈரத்திற் கம்பிமுனைகள் களிம்பேறுதல் இயல்பு. நான்கும் ஒத்துழைத்தும் நடுக்கம் நீங்காவிடின், கார்ப்பரேட்டரின் அடியிற் காற்றுக் கசிவைத் தேடுக.

ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றினால் வண்டி ஓடினும் காரணம் விளங்காது. ஆராய்ச்சிசாலையில் நாம் பயிலும் நெறியும் இதுவேயன்றோ?