பருவங்கள் பத்தோடு முடிவதில்லை

விலங்கியல் மாணவர்களாகிய எங்களுக்குப் பருவம் என்றதும் வண்ணத்துப்பூச்சிதான் நினைவுக்கு வரும். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று நான்கே நிலைகள். தாய் இலையில் முட்டையிட்டுப் பறந்துவிடும். புழு தானாகத் தின்று, தானாகத் தோலுரித்து, தானாகவே வெளிவந்து பறக்கும். மனிதக் குழந்தையின் கதை வேறு. கருவிலிருந்து முதுமை வரை மனிதன் அடையும் மாற்றங்களை ஆராயும் துறையை வளர்ச்சி உளவியல் என்பர். அதன் கருத்துகள் சிலவற்றை நம் ஊர்ச் செய்திகளோடு சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

இராஜபாளையத்திலிருந்து பேருந்தில் வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரியத் தொடங்கியதும் புத்தகத்தை மூடிவிடுவது என் வழக்கம். அந்த ஊரில் வாழ்ந்த பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாகவும் தம்மைத் தாயாகவும் கொண்டு பாடினார். தாலாட்டு, அம்புலியை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, ஓடிவந்து அணைத்துக்கொள்ளும் அச்சோ, பின்னாலிருந்து கட்டிக்கொள்ளும் புறம்புல்கல் என்று அவர் திருமொழி வளர்ந்து செல்கிறது. இதுவே பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு வித்து. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். காப்பு முதல் சிறுதேர் வரை பத்துப் பருவங்கள் என்பது மரபாயிற்று. மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் அவை அமையும் எனப் பாட்டியல் நூல்கள் கூறும்.

ஐந்தாம் மாதம் செங்கீரை. குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும். ஒன்பதில் சப்பாணி, அதாவது கைதட்டல். பதின்மூன்றில் வருகை, அதாவது நடந்து வருதல். உடற்கட்டுப்பாடு தலையில் தொடங்கிக் காலை நோக்கி இறங்குகிறது என்பது வளர்ச்சி உளவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. இப்பருவங்களும் அதே வரிசையில் இருப்பது வியப்பாக உள்ளது. அதற்காகப் புலவர்களை விஞ்ஞானிகளாக்க வேண்டியதில்லை. அவர்கள் அளவுகோலோடு நிற்கவில்லை, குழந்தையைப் பார்த்தார்கள், அவ்வளவே. 2006ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, நலமான குழந்தைகள் தனித்து நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 18 மாதம் வரை வேறுபடுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று ஏங்கும் தாய்மார்கள் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மாதக் கணக்கன்று. செங்கீரை ஆடுக, சப்பாணி கொட்டுக, வருக என ஒவ்வொரு பருவத்திலும் ஒருவர் குழந்தையை அழைக்கிறார். என் அக்காள் மகனுக்கு இப்போது ஒன்பது மாதம். "கை தட்டு சாமி, தட்டு" என்று என் அம்மா சொல்லித் தன் கையைத் தட்டினால்தான் அவனும் தட்டுகிறான். நான் சொன்னால் வாயைப் பார்க்கிறான். ருஷ்ய நாட்டு அறிஞர் வைகாட்ஸ்கி இதைத்தான் கூறினார்: குழந்தை தனியே செய்ய இயலாத ஒன்றைத் தெரிந்தவர் துணையோடு செய்யும், இன்று துணையோடு செய்வதை நாளை தனியே செய்யும். துணியால் முகத்தை மூடிக்கொண்டால் அம்மா அங்கேயே இருக்கிறாள் என்பது அவனுக்கு இப்போது தெரிகிறது, துணியைப் பிடித்து இழுக்கிறான். பியாஜே என்ற சுவிஸ் அறிஞர் பொருள் நிலைத்தன்மை என்றது இதனையே. இங்கிலாந்தின் பௌல்பியும் அவருடன் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வர்த்தும் பற்றுறவைப் பற்றி எழுதினார்கள். நம்பிக்கையான ஒருவர் பின்னால் இருந்தால்தான் குழந்தை துணிந்து விலகிப்போய் உலகைப் பார்க்கும், பிறகு திரும்பி ஓடிவரும். புறம்புல்கலில் குழந்தை ஓடிவருவதும் அப்படித்தான்.

குழந்தைப் பருவத்துக்குப் பின் என்ன? ஸ்ரீவில்லிபுத்தூர் இதற்கும் பாட்டு வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழில் சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென்று சிறுமியர் வேண்டுவர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் அந்தச் சிற்றில் வருகிறது. ஆனால் பேசுபவள் வளர்ந்துவிட்டாள், தனக்கு என்ன வேண்டும் என்று தானே சொல்கிறாள். எரிக் எரிக்சன் 1950இல் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தபோது, குமரப் பருவத்தின் வேலை 'நான் யார்?' என்பதைக் கண்டறிவது என்றார். அதற்காகப் பொறுப்புகளைத் தள்ளிவைத்துச் சமுதாயம் சில ஆண்டுகள் அவகாசம் தர வேண்டும்.

எல்லாருக்கும் தருகிறதா? என் அம்மா எட்டாம் வகுப்பு முடித்த கோடையில், பதினான்கு வயதில், ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனார். யாரும் கட்டாயப்படுத்தவில்லையாம். "கேட்கவும் இல்லை" என்பார். எனக்கு இருபது வயதாகிறது. என்ன ஆகப்போகிறாய் என்று வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைச் சந்திக்கும் முதல் ஆள் நான். எரிக்சன் சொன்ன அவகாசத்தை எனக்கு வாங்கித் தந்தது அம்மாவின் இரவு ஷிப்ட்.

பேதை, பெதும்பை என்று தொடங்கும் பெண்களின் ஏழு பருவங்கள் பேரிளம்பெண்ணோடு, நாற்பது வயதில், முடிந்துவிடுகின்றன. இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நான் கணக்கிலேயே இல்லையா?" என்று சிரித்தார். அவருக்கு வயது நாற்பத்து மூன்று. பால் பால்டஸ் என்ற ஜெர்மானிய உளவியலார் அவரைக் கணக்கில் சேர்க்கிறார். வளர்ச்சி எந்த வயதிலும் நிற்பதில்லை, ஒவ்வொரு வயதிலும் ஈட்டமும் உண்டு, இழப்பும் உண்டு என்பது அவர் கொள்கை. புதிய புதிரை விரைவாக விடுவிக்கும் திறன் இளமைக்குப்பின் மெல்லக் குறையும். பழகிச் சேர்த்த அறிவு நெடுங்காலம் நிற்கும் என்று கேட்டல் என்பவர் பிரித்துக் காட்டினார்.

அம்மா பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதட்டும் என்று அக்காளும் நானும் சொன்னோம். "இனி மண்டையில் ஏறாது" என்றார். எதிர் விகிதக் கணக்கை எடுத்தேன். வாய்பாடு புரியவில்லை. பிறகு அவரே, "நம்பர் கூடினா நூல் மெலியும், அதுதானே?" என்றார். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் எத்தனை கெஜம் என்று கேட்டேன். ஒரு சிட்டத்துக்கு 840 கெஜம். தாளில்லாமல் 33,600 என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்தாயிற்று. சனிக்கிழமைகளில் ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறார். பேரன் மடியில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தின் ஓரத்தைக் கடிக்கிறான். நான் பக்கத்தில் அமர்ந்து அடுத்த கணக்கைப் படித்துக் காட்டுகிறேன்.