மெஷினின் நிறத்தைப் பார்த்துக் கை வையுங்கள்

வாட்ச் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர் சீக்கிரமே இந்தக் கேள்வியைச் சந்திப்பார். பின்மூடியைத் திறந்ததும் வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, “உள்ள தங்கக் கலரா இருக்கே, இது ஒசத்தியா? என் மச்சான் வாட்ச்ல வெள்ளையாத்தான் இருக்கு” என்பார். நிறத்துக்கும் நேரம் காட்டும் துல்லியத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடுங்கள். ஆனால் அந்த நிறத்தைப் பொறுத்து உங்கள் கைவேலை மாறும். அதைத் தெரிந்துகொண்டுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

மெயின் பிளேட்டும் பிரிட்ஜ்களும் பெரும்பாலும் பித்தளை. கடைசலுக்கு நன்றாக வரும் உலோகம். ஆனால் ஈரமும் விரல் வியர்வையும் பட்டால் கறுத்துப்போகும். அதைத் தடுக்கத்தான் முலாம். அழகு அதற்கு அடுத்தபடி.

பழைய பாக்கெட் வாட்ச்சுகளில் பளபளப்பில்லாத, பொடிப்பொடியான தங்க நிறத்தைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கிவிடுவார்கள். பூசியவர்களின் உடம்பைக் கெடுத்த தொழில் அது. 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு அந்த முறை மெல்ல ஒதுங்கியது. அந்தப் பொடித் தன்மைதான் அந்த மெஷினின் மதிப்பு. பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

வெள்ளை நிறம் இரண்டு வகை. நிக்கல் லேசான மஞ்சள் சாயலோடு இருக்கும், காலப்போக்கில் மங்கும். ரோடியம் பிளாட்டினக் குடும்பத்து உலோகம், கடினமானது, கறுக்காது. ஒயிட் கோல்டு மோதிரத்துக்கு நகைக்கடையில் போடுகிறார்களே, அதே ரோடியம்தான். 2021-இல் அதன் விலை தங்கத்தின் விலையைப் போலப் பல மடங்காக ஏறியது. அதை வைத்து வாடிக்கையாளர் கணக்குப் போட ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். மெஷினில் இருப்பது பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம்தான்.

நிறம் வேறு, மெஷினின் அமைப்பு வேறு என்பதைப் புரிந்துகொள்ள ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச்சைவிட நல்ல பாடம் கிடையாது. 1957-இல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டரில் 321 என்ற மெஷின், செம்பு நிறம். 1968-இல் 861 வந்தது. ஸ்டாப் வாட்ச் பகுதியின் அமைப்பே மாறியது, செம்பு நிறம் தொடர்ந்தது. 1990-களின் பிற்பகுதியில் 1861 வந்தபோது நடந்தது நேர் எதிர். அடிப்படையில் அதே 861, ஆனால் வெள்ளை ரோடியம் பூச்சு. ‘வெள்ளை மெஷின் புது டெக்னாலஜி’ என்று கவுன்டரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019-இல் 321-ஐ மறுபடி தயாரித்தபோது, ‘செட்னா கோல்டு’ என்ற சிவந்த தங்கக் கலவையை ஆவிமுறையில் படியவைத்து அந்தப் பழைய நிறச் சாயலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

தொழிலில் இந்த விவரம் எங்கே உதவும் என்றால், செகண்ட் ஹேண்ட் வாட்ச் கைக்கு வரும்போது. ஒரே மெஷினில் மூன்று பிரிட்ஜ் வெள்ளையாகவும் ஒன்று மட்டும் செம்பு நிறமாகவும் இருந்தால், எங்கிருந்தோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். வேலையை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கழற்றிய பிறகு சொன்னால், மாற்றியதே நீங்கள்தான் என்பார்கள்.

அடுத்தது கழுவுதல். வாட்ச் கிளீனிங் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. ரோடியம் அதைத் தாங்கும். முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிற பழைய மெஷின் தாங்காது. புட்டியில் சொன்ன நேரத்துக்கு மேல் ஊறினால் பித்தளையை அரித்து நிறம் மாற்றிவிடும். முலாமே இல்லாத ஜெர்மன் சில்வர் இன்னும் நுணுக்கம். செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை அது. ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டே ஊரிலுள்ள ஏ. லாங்கே நிறுவனம் இதைப் பூச்சில்லாமலே பயன்படுத்துகிறது; நாளாக நாளாக வெளிர்மஞ்சளாகும். அதில் வெறும் விரல் பட்டால் ரேகை தங்கிவிடும். விரல் உறை போடாமல் தொடாதீர்கள். சர்வீஸ் சென்டர் வேலைக்குச் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாலிஷ் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள். பிரிட்ஜில் அலை அலையாகத் தெரியும் ‘ஜெனீவா கோடுகள்’ பித்தளையில் முதலில் போடப்பட்டவை. அதற்கு மேல்தான் முலாம். தேய்த்தால் முலாமோடு கோடுகளும் போகும். மறுமுலாம் போடலாமே என்று வாடிக்கையாளர் கேட்பார். அதற்குப் பிரிட்ஜில் பதித்த கல்லையெல்லாம் எடுத்துவிட்டுத் திரும்ப அழுத்தி மாட்ட வேண்டும், செலவும் அபாயமும் அதிகம். சேகரிப்பவர்கள் அப்படிப்பட்ட மெஷினுக்கு விலையும் குறைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், ஓடுகிற மெஷினுக்கு அது தேவையில்லாத வேலை.

எந்த வாட்ச் வந்தாலும் ஜாப் கார்டில் முலாமின் நிறம், தேய்ந்த இடம், கீறல், பொருந்தாத பிரிட்ஜ் எல்லாவற்றையும் எழுதி, போட்டோ எடுத்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். சர்வீஸ் கட்டணத்தை அதற்குப் பிறகு பேசலாம்.