சர்க்கரை இறங்குமுன் தயாராகுங்கள்

‘கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் தேவை: குழந்தைகள் எண்டோகிரைனாலஜி.’ இப்படியொரு வேலை விளம்பரத்தைப் பார்த்தால், பி.பார்ம், பார்ம்.டி, நர்சிங், பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ‘எக்செல் தெரியும், ஃபைல் பராமரிப்பேன்’ என்ற நம்பிக்கையோடு மட்டும் போகாதீர்கள். குழந்தைகளின் லோ சுகர் ஆய்வில் தவறவிட்ட நிமிடத்தை எந்த ஃபைலும் மீட்டுத் தராது.

நோயை முதலில் படியுங்கள்

லோ சுகர் என்றதும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிதான் நம் நினைவுக்கு வருவார். இங்கே நீங்கள் சந்திக்கப்போவது வேறு குழந்தைகளை. அவர்களுக்கு வரும் நோய்களில் முக்கியமானது பிறவி ஹைப்பர்இன்சுலினிசம். கணையம் நேரங்காலம் பார்க்காமல் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் தயாரிக்கும். சர்க்கரை இல்லாதபோது மூளைக்கு அதுதான் மாற்று எரிபொருள். அதிகப்படி இன்சுலின் அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. சர்க்கரையும் இல்லை, கீட்டோனும் இல்லை. வலிப்பும் மூளைப் பாதிப்பும் வருவது இதனால்தான்.

இது அரிய நோய். சுமார் 30,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது பொதுவான மதிப்பீடு. சொந்தத்தில் கல்யாணம் அதிகமுள்ள சவூதி அரேபியாவில் 2,500க்கு ஒன்று வரை போகிறது. மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் நம் ஊருக்கும் இது சம்பந்தமில்லாத சங்கதி அல்ல. இந்த நோயோடு தொடர்புடைய ஏபிசிசி8, கேசிஎன்ஜே11 என்ற இரண்டு மரபணுக்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஏபிசிசி8 மாற்றங்களைப் பற்றிச் சென்னையிலிருந்தே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது.

அந்த ஐந்து நிமிடம்

இந்தத் துறையின் மையம் ‘கிரிட்டிக்கல் சாம்பிள்’. மருத்துவர் மேற்பார்வையில் குழந்தையைப் பட்டினி போட்டு, சர்க்கரை 50 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். இன்சுலின், சி-பெப்டைடு, கீட்டோன், கொழுப்பு அமிலம், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன், அம்மோனியா என்று எல்லாம் அந்த ஒரே நேரத்து ரத்தத்தில். குளுக்கோஸ் ஏற்றிய பிறகு எடுத்தால் பாதி விடை அழிந்துபோயிருக்கும். எடுத்த கையோடு குழந்தைக்குச் சர்க்கரை ஏற வேண்டும். குளுக்ககான் ஊசி போட்டுச் சர்க்கரை இருந்ததைவிட 30 மில்லிகிராமுக்கு மேல் கூடினால் அதுவும் இந்த நோய்க்கு ஒரு தடயம்.

ஊசி குத்துவது உங்கள் வேலையல்ல. ஆனால் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பது உங்கள் பொறுப்பு. குளுக்கோஸுக்குச் சாம்பல் நிற மூடிக் குழாய். அம்மோனியாவுக்கு முன்கூட்டியே ஐஸ். லேபிள் முதல் நாள் மாலையே ஒட்டியிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு லேபில் யார் இருப்பார், சென்ட்ரிஃப்யூஜ் அறைச் சாவி யாரிடம் என்பதைப் பகலிலேயே கேட்டு வையுங்கள். குழாயில் சும்மா விட்ட ரத்தத்தில் செல்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். தாமதமானால் இல்லாத லோ சுகரை நீங்களே உண்டாக்கியவர் ஆவீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 3 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 80 மி.லி. என்று வைத்தால், உடம்பில் இருப்பதே 240 மி.லி. ரத்தம். ஆய்வுக்காக ஒரு தடவைக்கு 1 சதவீதம், நான்கு வாரத்துக்கு 3 சதவீதம் என்பது ஐரோப்பிய வழிகாட்டு நெறி. அதாவது ஒரு தடவைக்கு 2.4 மி.லி., அரை டீஸ்பூன். எந்தப் பரிசோதனைக்கு முன்னுரிமை என்ற பட்டியலை மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி, கட்டிலருகே ஒட்டிவிடுங்கள்.

அம்மாவிடம் பேசுவது

‘சிஸ்டர், பிள்ளை பசியில கத்துது, ஒரு வாய் பால் குடுத்துடட்டுமா?’ இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ‘ரூல்ஸ் இல்லம்மா’ என்று சொன்னால் அன்றோடு அவர் நம்பிக்கை போயிற்று. ‘இன்னும் எவ்வளவு நேரம்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டுச் சொல்றேம்மா. சுகர் இறங்கினதும் ரத்தம் எடுத்து உடனே குளுக்கோஸ் குடுத்துடுவாங்க. வேணாம்னு தோணினா நீங்க எப்ப வேணா நிறுத்தச் சொல்லலாம்’ என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியம் உபசாரம் அல்ல, அவருடைய உரிமை.

ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறைகளின்படி பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 7 வயதிலிருந்து குழந்தையின் வாய்மொழிச் சம்மதம், 12 வயதிலிருந்து எழுத்துச் சம்மதம் வேண்டும். புதிய மூலக்கூறு மருந்தென்றால் சம்மதம் பெறுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்கின்றன 2019 புதிய மருந்து விதிகள்.

காகிதத்தில் கறார்

செய்ததை அந்த நேரத்திலேயே, செய்தவரே எழுத வேண்டும். 2.10க்கு எடுத்த ரத்தத்தை ‘2.00’ என்று அழகுக்காக எழுதாதீர்கள். ஆய்வுப் பதிவுகளைச் சரிபார்க்க வரும் மானிட்டர் அதை லேப் பதிவோடு ஒப்பிடுவார். தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் இடுங்கள். ஒயிட்னர் கூடவே கூடாது. மருந்துச் சோதனையில் சேர்ந்த குழந்தை வலிப்போடு அட்மிட் ஆனால், தகவல் உரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்ற சாக்கு செல்லாது.

நேர்காணலில் கேட்பார்கள்

‘குளுக்கோமீட்டர் 50 காட்டினால் போதாதா?’ போதாது. 100க்குக் கீழே 15 மில்லிகிராம் வரை கூடக்குறைய இருக்க அந்த மீட்டருக்குச் சர்வதேசத் தர அளவே அனுமதி தருகிறது. லேப் முடிவுதான் சாட்சி.

‘இந்தத் துறையில் உங்களுக்குப் பிடித்த ஆய்வு?’ நியூசிலாந்தின் ஹாமில்டனில் நடந்து 2013இல் ‘லான்செட்’டில் வந்ததைச் சொல்லுங்கள். சர்க்கரை குறைந்த 242 பச்சிளங் குழந்தைகள்; ஒரு பிரிவுக்குக் கன்னத்தின் உட்புறம் 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஜெல், மறு பிரிவுக்கு வெறும் ஜெல். சிகிச்சை தோற்றது முதல் பிரிவில் 14 சதவீதம், மற்றதில் 24. விலை மலிவான ஜெல், ஒழுங்கான பதிவேடு. இன்று பல நாடுகளின் பிரசவ வார்டுகளில் அந்த ஜெல் இருக்கிறது.

இரண்டு மூன்று ஆண்டு இதில் தேறினால் மானிட்டர், மருந்துப் பாதுகாப்பு, டேட்டா மேலாண்மை என்று வழிகள் திறக்கும். அதற்கு முன் ஜி.சி.பி. (குட் கிளினிக்கல் பிராக்டிஸ்) சான்றிதழ் வாங்குங்கள், ஒரு வாரமாவது குழந்தைகள் வார்டில் இரவு ஷிஃப்ட் பாருங்கள். அங்கே தூக்கம் போனாலும் பொறுமை போகாதவர்களுக்கு மட்டுமே இந்த வேலை.