நிலம் காட்டும் குறி

திருநீர்மலையும் அதன் அயலிலுள்ள பல்லாவரத்துக் குன்றுகளும் சார்னோக்கைட்டு எனப்படும் உறுதிமிக்க கருங்கல்லால் ஆனவை. அவற்றின் அடிவாரத்தில் வாழ்வோர், காலின்கீழ் நிலம் தாழும் என எண்ணுவதில்லை. நிலக்கரிச் சுரங்கத்தின்மேல் வாழ்வோர்க்கோ அவ்வுறுதி வாய்ப்பதில்லை.

நிலக்கரியை அகழும் முறைகளுள் ஒன்று நெடுஞ்சுவர் முறை. நகரும் இயந்திர முட்டுகளோடு கூடிய இம்முறை இந்தியாவில் 1978ஆம் ஆண்டு, ஜாரியா நிலக்கரி வயலைச் சார்ந்த மூனிடிச் சுரங்கத்தில் தொடங்கப்பெற்றது. தெலுங்கானாவில் சிங்கரேணி நிறுவனத்தின் அட்ரியாலாச் சுரங்கத்திலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது. நீண்ட நிலக்கரிச் சுவரை இயந்திரம் சீவிக்கொண்டே செல்லும். எஃகு முட்டுகள் அதனைத் தொடர்ந்து முன்னேறும். முட்டு நீங்கிய இடத்தில் மேற்கூரை இடிந்து விழும். இது தற்செயலான விபத்தன்று, அம்முறையின் இயல்பேயாகும்.

இடிந்த பாறைக்கு மேலுள்ள அடுக்குகள் வளைந்து தாழ்தலால், நிலப்பரப்பில் தட்டுப் போன்ற பள்ளம் உண்டாகிறது. பள்ளத்தின் நடுவில் மண் நெருக்குண்ணும், விளிம்பில் இழுப்புண்ணும். இழுப்புண்ட இடத்திலேயே வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே மழைநீர் இறங்கிச் சுரங்கத்தை அடையலாம். காற்றுப் புகுந்தால் எஞ்சிய நிலக்கரி தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஆதலின் வெடிப்பைக் கண்காணித்தல் உயிர்காக்கும் பணியாகும்.

அகழ்வதற்கு முன்னரே நிலத்தில் வரிசையாக அளவைக்கற்களை நாட்டுவர். தாழ்வு எட்டாத தொலைவில் அசையாத கல் ஒன்றை நிறுவி, அதனை நிலையாகக் கொண்டு மற்றவற்றின் உயரத்தைக் குறித்த காலந்தோறும் அளப்பர். 1802ஆம் ஆண்டு லாம்டன் என்பார் பரங்கிமலையில் தம் பெருநில அளவைக்கு அடிக்கோடு அளந்தபோதும் நிலைத்த புள்ளியே முதற்றேவையாயிற்று. வெடிப்பின் இருகரையிலும் முளையடித்து, இடைவெளியைக் குறித்து வைப்பர். சுவரின் பிளவில் கண்ணாடித் துண்டைச் சாந்தால் பதிப்பர்; அது உடையின், அசைவு ஓயவில்லை என்பது பொருள். இக்காலத்தில் செயற்கைக்கோள்களின் ரேடார் அலைகளும் நிலத்தின் தாழ்வை அளக்கின்றன.

ஓய்ந்த வெடிப்பைக் களிமண்ணிட்டுக் கெட்டித்து மூடலாம். விரிந்துகொண்டே செல்லும் வெடிப்பை மூடிவிட்டு அமைதியுறுதல் அறியாமையாகும். அங்கு வாழும் மக்களை வேற்றிடத்திற் குடியமர்த்துவதே அறம். நிலத்தடித் தீயாலும் நிலத்தாழ்வாலும் வருந்திய ஜாரியா மக்களை இடம்பெயர்த்தற்கென 2009ஆம் ஆண்டு அரசு ஒரு பெருந்திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது.

நிலம் தான் தாழுமுன் விரலளவுப் பிளவால் குறிப்பு உணர்த்துவதுண்டு. அக்குறிப்பை நாள்தோறும் பொய்யின்றி எழுதிவைப்பவன், ஓர் ஊரையே காப்பவன் ஆகிறான்.