கூட்ட அறைக் கருவி ‘சைன் இன்’ ஆகவில்லையா?



நமது கணினி வகுப்பில் படித்து, இன்று அலுவலகங்களில் ஐ.டி. உதவியாளராக இருக்கும் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது: “அதிகாரிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், வீடியோ கூட்டக் கருவி சைன் இன் ஆகவில்லை. என்ன செய்வது?”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி நேர்ந்தால் யாருக்கும் பதற்றம் வரும். அந்தப் பதற்றத்தில் ஒரு தம்பி தன் சொந்தக் கணக்கைப் போட்டுக் கூட்டத்தை நடத்திக் கொடுத்தார். பிறகு அதை எடுக்க மறந்துவிட்டார். மறுநாள் அவருடைய கூட்டப் பட்டியல் அறைத் திரையில் தெரிந்தது. அவருக்கு வந்த அழைப்பும் எல்லோர் முன்பும் அங்கேயே ஒலித்தது. நல்லெண்ணத்தில் செய்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பல அலுவலகங்களில் உள்ள மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ரூம்ஸ் கருவியை வைத்து இதை விளக்குகிறோம். அறைக்கென்று தனிக் கணக்கு உண்டு. அதற்கு ‘ரிசோர்ஸ் அக்கவுண்ட்’ என்று பெயர். அந்தக் கணக்கால்தான் கருவி சைன் இன் ஆக வேண்டும்.

முதலில் அந்தக் கணக்கை ஒரு லேப்டாப்பின் பிரவுசரில் போட்டுப் பாருங்கள். அங்கும் நுழையாவிட்டால் பெரும்பாலும் கோளாறு கணக்கில். அங்கே நுழைந்தால் கருவியையும் நெட்வொர்க்கையும் பாருங்கள். பிறகு இவற்றை வரிசையாகச் சரிபாருங்கள்:

1. பாஸ்வேர்டு: காலாவதியாகியிருக்கலாம், அல்லது யாராவது மாற்றிவிட்டுக் கருவியில் மாற்றாமல் விட்டிருக்கலாம். அறைக் கணக்கின் பாஸ்வேர்டு காலாவதியாகாதபடி அமைப்பதே நல்லது.

2. கைபேசி ஒப்புதல்: அறைக்குக் கைபேசி ஏது? இந்தக் கணக்குக்கு அதை விலக்கி, அலுவலக நெட்வொர்க்கிலிருந்து மட்டும் நுழையும்படி அட்மின் கட்டுப்பாடு வைக்க வேண்டும்.

3. லைசென்ஸ்: டீம்ஸ் ரூம்ஸ் பேசிக் அல்லது புரோ வேண்டும். பேசிக் 25 அறைகள் வரை இலவசம். ஊழியருக்கான சாதாரண லைசென்ஸ் இதற்குப் பொருந்தாது.

4. தேதி, நேரம்: கருவியின் கடிகாரம் தவறாக இருந்தாலும் சைன் இன் தடைபடும்.

5. குறியீடு: ஆண்ட்ராய்டு கருவியில் வரும் குறியீடு 15 நிமிடமே செல்லும். தாமதமானால் புதியது எடுங்கள்.

இவற்றிலும் தெரியாவிட்டால், என்ட்ரா அட்மின் பக்கத்திலுள்ள சைன் இன் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 50126 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 50055 என்றால் பாஸ்வேர்டு காலாவதி. 50076 என்றால் கூடுதல் ஒப்புதல் கேட்கிறது. 53003 என்றால் நிறுவனத்தின் பாதுகாப்பு விதி தடுக்கிறது.

அதுவரை கூட்டம் நிற்க வேண்டியதில்லை. திரையின் கேபிளை ஒரு லேப்டாப்பில் செருகி, கூட்டத்தை நடத்துபவர் தம் கணக்கிலேயே நடத்தட்டும். முடிந்ததும் அவர் லேப்டாப்பை எடுத்துச் சென்றுவிடுவார்.

நம் கையில் தரப்படும் பாஸ்வேர்டு ஓர் அமானிதம். அதைத் தாளில் எழுதித் திரையோரம் ஒட்டுவதும், வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அமானிதத்தைப் பேணுவதாகாது. “கோளாறு இன்னது, பத்து நிமிடம் ஆகும்” என்று மேலதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அவசரத்தில் செய்யும் குறுக்கு வழியைவிட அந்த உண்மைதான் உங்கள் வேலைக்குப் பாதுகாப்பு.

நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.