ஆட்டப் பொறிக்கு மீண்டும் எழுதத்தக்க கார்ட்ரிட்ஜ்

ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கேம் பாய்’ எனும் கையடக்க ஆட்டப் பொறியில், ஆட்டத்துக்குரிய கட்டளைகள் தனியே செருகப்படும் கார்ட்ரிட்ஜில் அடங்கியுள்ளன. அதனுள் இருப்பது ஆலையிலேயே எழுதப்பட்டு, பின்னர் மாற்ற இயலாத நினைவுச் சில்லு. அதற்குப் பதிலாக, மின்சாரத்தால் அழித்து மீண்டும் எழுதத்தக்க ஃபிளாஷ் சில்லை அமைத்தால், மாணாக்கர் தாமே இயற்றிய நிரலை அப்பொறியில் இயக்கிக் காணலாம்.

பொறிக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் இடையே 32 இணைப்புகள் உள்ளன. அவற்றுள் 16 முகவரிக் கம்பிகள். 8 தரவுக் கம்பிகள். எஞ்சியவை மின்னூட்டம், கட்டுப்பாடு முதலியவற்றுக்கு உரியவை. நிரல் 32 கிலோபைட்டுக்குள் அடங்குமாயின் ஒரு சில்லே போதுமானது. அதனினும் பெரிதாயின், நினைவைப் பகுதி பகுதியாக மாற்றிக் காட்டும் வேறொரு சில்லும் வேண்டும்.

சில்லைத் தெரிந்தெடுப்பதில் மின்னழுத்தமே முதன்மையானது. இப்பொறி 5 வோல்ட்டில் இயங்குவது. இக்காலத்து ஃபிளாஷ் சில்லுகளில் பல 3.3 வோல்ட்டுக்குரியவை, நேராக இணைத்தால் அவை பழுதுறும். 29எஃப்040 என்ற வகை 5 வோல்ட்டுக்கு ஏற்றது.

சில்லின் தெரிவுக் காலை, பொறியின் மிக உயர்ந்த முகவரிக் கம்பியுடன் இணைத்தல் அவசியம். அக்கம்பி தாழ்நிலையில் உள்ளபோது மட்டுமே சில்லு விடையளிக்கும். இன்றேல், முகவரியின் மேற்பாதியில் அமைந்த பொறியின் சொந்த நினைவகமும் சில்லும் ஒரே வேளையில் தரவுக் கம்பிகளை ஆள முற்பட்டு, இரண்டும் கெட நேரிடும்.

இப்பொறிகள் இப்பொழுது உற்பத்தியில் இல்லை. ஆதலின் செருகுமுன், மின்னூட்டக் கம்பிகளிடையே குறுக்கிணைப்பு இல்லையென மல்ட்டிமீட்டரால் உறுதி செய்துகொள்க.